ஒரு லைப்ரரிக்கு இரண்டு பேர்

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு லேத் பட்டறையிலிருந்து கட்டிங் ஆயில் வாசனை வந்தது. உடனே, ஆட்டோக்காரர் வேண்டுமென்றே சுற்று வழியில் போகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். பாவம், அவர் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்குச் சந்தேகப் புத்தி வந்துவிடும்.

என் முதல் வேலை அப்படியொரு பட்டறையின் மாடியில். கம்பெனி என்றால் முதலாளி, நான், பூந்தமல்லியிலிருந்து வரும் இலியாஸ், அவ்வளவுதான். பயிற்சிக் காலம் முடிந்ததும் எங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். கள்ளிக்குப்பத்தில் என் அம்மாவோ, மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

இருந்தது ஒரே சர்வர், ஒரே பாஸ்வேர்டு. அதில் நான் வெப் சர்வர் மென்பொருளைக் கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, ஏற்ற வேண்டும். இலியாஸின் மருந்துக்கடை பில் புரோகிராமும் அதிலேயேதான் ஓட வேண்டும். வெப் சர்வர் டேட்டாபேஸோடு பேசுவதற்கு, மொழிபெயர்ப்பாளர் மாதிரி நடுவில் ஒரு லைப்ரரி தேவை. அதன் புதிய பதிப்பு இருந்தால்தான் என்னுடையது எழும். பழையதை ஓரங்கட்டிவிட்டுப் புதியதை வைத்துக் கம்பைல் செய்தேன், ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் விழுந்து கிடந்தது. லைப்ரரி பதிப்பு பொருந்தவில்லை என்று ஒரு வரி. நான் வைத்த இடத்தில் பழைய பதிப்பு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மறுபடியும் அதை நகர்த்தினேன். இம்முறை அந்த ஃபைலின் பெயரில் ‘தொடாதே’ என்று ஒரு வாலையும் ஒட்டினேன். மறுநாள் காலையில் என் புதிய ஃபைலுக்கு ‘நீ தொடாதே’ என்று வால் முளைத்திருந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்டால் இலியாஸ் உஷாராகிவிடுவானே.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு நாள் இலியாஸ் நான் கேட்காமலே டீ வாங்கி வந்து, “சூடா கீது, குடி” என்றான். ஏன் இந்தத் திடீர்க் கரிசனம்? அவன் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவனும் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு டம்ளரிலும் ஆடை படிந்துவிட்டது.

பொறுக்க முடியாமல், ஜன்னலைச் சாத்துவது போல அவன் பக்கம் போய்த் திரையைப் பார்த்தேன். அதே லைப்ரரியின் பெயர், அதே புலம்பல். ஆனால் அவன் புரோகிராம் கேட்டது பழைய பதிப்பை.

“வேவு பாக்க வந்துகீறியா மச்சான்?”

“நீ ஏன்டா என் லைப்ரரிய தூக்கற?”

“நீ புதுச வெச்சா என் பில்லு படுத்துக்குதுடா. என்னைத் தொரத்தத்தான் நீ இத்த பண்றன்னு நெனச்சேன்.”

“நானும் உன்ன அப்டித்தான் நெனச்சேன்.”

அப்போதுதான் இருவரும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்தோம். லைப்ரரியின் இரண்டு பதிப்புகளையும் தனித்தனி டைரக்டரியில் வைத்தோம். எங்கே போய்த் தேட வேண்டும் என்பதைக் கம்பைல் செய்யும்போதே வெப் சர்வருக்குச் சொல்லிவிட்டோம். நான் படிக்க, அவன் தட்டினான். வெப் சர்வரும் எழுந்தது, பில்லும் வந்தது.

“யார் கண்டுபுடிச்சது?” என்றார் முதலாளி. நான் இலியாஸைக் காட்டினேன். அவன் என்னைக் காட்டினான். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது எனக்கே இன்றும் சந்தேகம்தான். முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காலைல வரைக்கும் மொறச்சிகினு இருந்தீங்க. இப்ப இன்னா கூட்டு? ஒருத்தன அனுப்பிட்டா, உள்ள இன்னா பண்ணி வெச்சிகீறீங்கன்னு நான் யாரப் போய்க் கேக்கறது? ரெண்டு பேரும் இருங்க.”

அவர் எங்களை நம்பாததால் கிடைத்த வேலை அது. படியிறங்கும்போது இலியாஸ் என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பில், பட்டறைக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அதன்பிறகு நான் எந்த வேலையையும் முடித்ததில்லை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. இலியாஸ் வேறு ஊருக்குப் போய் வருஷங்களாகின்றன. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய லைப்ரரியைத் தன் பெட்டிக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது; பழையதும் புதியதும் முட்டிக்கொள்ள வழியே இல்லை. இப்படியொரு வசதி வராதா என்று ஏங்கியவர்கள்தான் நாங்கள். ஆனாலும் காலையில் லாகின் செய்ததும், பழக்கதோஷத்தில் என் ஃபைல்களை ஒரு நோட்டம் விடுகிறேன். எல்லாம் நேற்று விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கின்றன. யாரும் வந்து போகவில்லை.