டப்பாவில் போட்ட வளையம்

ஜப்பான்காரன் மலாய் நாட்டை ஆண்ட காலம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் அரிசியில்லாமல் தின்ற மரவள்ளிக்கிழங்கைச் சொல்வார்கள். எனக்கு உஜோங் பாசிர் கடற்கரைதான் நினைவுக்கு வரும்.

வடக்கே பனி கொட்டும் மாதங்களில் உள்ளான் குருவிகள் அங்கே வந்து இறங்கும். அவற்றை ஆராய வந்த ஒரு ஜப்பானியரிடம் நான் வேலை பார்த்தேன்; துவான், அதாவது ஐயா என்றே அவரைக் கூப்பிடுவேன். எங்கள் வீடு இருந்த காஜா பெராங்கிலிருந்து விடியலில் நடந்து போய் வலை விரிப்பேன். அவர் குருவியின் காலில் எண் பொறித்த உலோக வளையத்தை மாட்டி, நோட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் தருவார். பறக்கவிடுவது என் வேலை.

ஒரு நாள் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். காய்ச்சலில் கிடந்த தங்கைக்கு அம்மா அதைச் சாறு வைத்துக் கொடுத்தார். ஓர் ஆணிகூடக் கிடைக்காத காலம் அது. வளையத்தை எறிய மனம் வராமல், மறுநாள் அவர் வளையங்களை வைத்திருக்கும் டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

அடுத்த குருவிக்கு அவர் அதையே எடுத்தார். எண்ணைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்; அந்த எண் முன்பே பறக்கவிட்ட குருவியின் கணக்கில் இருந்தது.

"யாரு சாப்பிட்டது?" என்று மலாயில் கேட்டார்.

"தங்கச்சி, துவான். காய்ச்சல்ல கிடக்குறா."

அறை விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோ அந்த வளையத்தையே மாட்டி, குருவியை என்னிடம் நீட்டினார். பிறகு, நான் அதை வைத்துக்கொண்டாலும் பார்க்காதவர்போல, எனக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

எனக்கும் பசிதான். விரல்களைத் திறந்தேன். சிறகுச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் திரும்பினார்.

அந்தக் காலத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் உள்ளான் கூட்டம் எழும்பும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்தச் சின்ன நெஞ்சு அடித்துக்கொள்கிறது.