தக்காளிப் பெட்டியில் போன வேலை

"உங்கக்கா எந்தக் கம்பெனி?"

2008 கார்த்திகையில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் நாராயணம்மா என்னிடம் இதைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஓசூரில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டால் ஷிப்டு, பஸ் நிற்கும் இடம், பெண் கொடுக்கலாமா கூடாதா என்பது வரை கேட்பவருக்கே விளங்கிவிடும். அவரே தொடர்ந்தார்.

"கம்பெனி பஸ்ஸும் ஏற மாட்டேங்கறா. காலைல குளிச்சிட்டு, பொட்டு வெச்சிக்கினு, கதவச் சாத்திக்கறா. உள்ள என்னாத்தத்தான் தட்டறா?"

அக்கா பெயர் மேகலா. எங்கள் அப்பா வெங்கடப்பன் கெலமங்கலம் பக்கம் தக்காளி போடுகிறவர். அக்காவும் தங்கையுமாக நாங்கள் ஓசூரில் வாடகைக்கு இருந்தோம். அக்கா ஐ.டி.ஐ.யில் இயந்திர பாகங்களுக்குப் படம் வரையப் படித்தாள். மூன்று வருடம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்தாள். அவள் வரைந்த படங்களின் மூலையில் நிரந்தர ஊழியர் ஒருவரின் பெயர் இருக்கும். அந்த ஐப்பசியில் ஆர்டர் குறைந்ததும் ஒப்பந்த ஆட்களின் கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இனி எந்த கேட்டிலும் பாஸுக்காக நிற்பதில்லை என்று அக்கா அன்றே முடிவு செய்தாள். பெங்களூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. இன்டர்நெட் இணைப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வேலையைப் போட்டு, செய்ய ஆள் தேடும் ஒரு தளத்தில் பெயரைப் பதிந்தாள்.

ஒரு மாதத்தில் அறுபது வேலைகளுக்கு எழுதிப் போட்டாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முன்பு வேலை கொடுத்தவர் யாராவது நட்சத்திரம் போட்டு நாலு வார்த்தை எழுதியிருந்தால்தான் அடுத்தவர் நம்புவார். முதல் ஆள் எங்கிருந்து வருவார்? அப்பா தை வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால், கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துவிடும் பரமசிவம் அண்ணன் சொன்ன பேக்கிங் பிரிவில் அக்காவும் நானும் சேர வேண்டும். இரண்டு இடம் காலியாக இருந்தது.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு எதிலும் நிலைக்காமல் இருந்தேன். டைப்பிங் வகுப்பில் சேர்ந்து பத்து நாளில் நின்றேன். பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன், பெங்களூர் பஸ்களைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். அக்கா ஒரே நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மார்கழியில் முதல் வேலை வந்தது. அமெரிக்காவில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பென்சிலில் வரைந்த இருபத்திரண்டு பழைய படங்களை அனுப்பி, கம்ப்யூட்டரில் திரும்ப வரைந்து தரச் சொன்னார். அக்கா ஒன்பது நாளில் முடித்து அனுப்பினாள். நட்சத்திரம் வரும் என்று காத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை வந்தது புகார். அக்காவின் படத்தைப் பார்த்து அவர்கள் ஓர் இரும்புத் துண்டில் துளை போட்டிருக்கிறார்கள். துளை மறுபக்கத்தில் விழுந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் எல்லாம் சரியாக வராவிட்டால் வேலையை ரத்து செய்வேன், தளத்திலும் எழுதுவேன் என்று எழுதியிருந்தார்.

அக்கா பழைய படங்களையும் தன் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எனக்கு விளக்கினாள். ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து மூன்று படம் போடுவார்கள். மேலிருந்து பார்த்த படத்தைக் கீழே போட வேண்டும், வலப்பக்கம் பார்த்ததை இடப்பக்கம் போட வேண்டும் என்பதுதான் ஐ.டி.ஐ.யில் கற்றுத்தந்த முறை. மாற்றிப் போட்டால் மார்க் கிடையாது. அந்த அமெரிக்கப் படங்களில் எல்லாம் இதற்கு நேர்மாறாக இருந்தன. யாரோ வயதானவர் தப்பாக வரைந்துவிட்டார், பாவம், என்று நினைத்து இருபத்திரண்டையும் அக்கா இடம் மாற்றித் 'திருத்தி' இருக்கிறாள். அவர்கள் நாட்டு முறையே அதுதான் என்று அவளுக்குத் தெரியாது.

நம் முறைப்படி இது சரிதானே, அவர் படம்தான் தப்பு என்று எழுதிவிடு என்றேன்.

"அவரு ஊர்ல அது தப்பில்லடி" என்றாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டா வேல தெரியாதவள்னு நெனச்சிருவாருன்னு கேக்கல. கம்பெனில அப்பிடித்தான பழக்கினாங்க."

உண்மையை அப்படியே எழுதினாள். ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள், அவ்வளவுதான். உடனே வரைய உட்கார்ந்தாள். படங்களை நகர்த்தினால் மட்டும் போதாது. அளவுகள் எல்லாம் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அன்றும் கரண்ட் மூன்று தடவை போனது. சாயங்காலம் வரை எட்டுதான் முடிந்தது.

மறுநாள் சனிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளை நம்பிப் பதினான்கு படத்தை விட்டுவைக்க முடியாது, அன்று எத்தனை தடவை போகுமோ. தை நெருங்கிவிட்டதால் பரமசிவம் அண்ணனுக்கும் அன்று மாலைதான் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா கம்ப்யூட்டர் பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கினாள். அப்பா தக்காளி கொண்டுவந்து போட்டிருந்த நீல பிளாஸ்டிக் பெட்டியில் போர்வையை விரித்து அதை உள்ளே வைத்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து பஸ் ஏறினோம். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கினால் கர்நாடகக் கரண்ட். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர்காரர் முதலில் சிரித்தார். தக்காளி என்ன விலை என்று கன்னடத்தில் கேட்டார். பிறகு ஒரு திரையைக் கழற்றிக் கொடுத்து, அந்த இருக்கைக்கு உள்ள காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அக்கா நாலரை மணி வரை எழுந்திருக்கவில்லை. நான் படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பதினான்கு படங்களும் முடிந்தன. அங்கிருந்தே அனுப்பினாள்.

திரும்பும்போது சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கர்நாடகச் சாராயம் தேடுவது வழக்கம். போலீஸ்காரர் எங்கள் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இதுல?"

"எங் கம்பெனி சார்" என்றாள் அக்கா.

அவர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த சீட்டுக்குப் போனார். அக்கா சிரிக்கவில்லை. பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் பரமசிவம் அண்ணனும் நாராயணம்மாவும் காத்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. அதனால் அக்கா ஏதாவது சாக்குச் சொல்லி நாள் கேட்பாள் என்று நினைத்தேன்.

"நான் வரலைண்ணா. என் எடத்த வேற யாருக்காவது குடுத்துருங்க."

"அப்பறம் வந்து நின்னா எடம் இருக்காது மேகலா."

"தெரியும்ணா."

செவ்வாய்க்கிழமை, ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்று வந்தது. கீழே இரண்டு வரி: தவறு செய்தார், மறைக்காமல் சொன்னார், திருத்திக் கொடுத்தார். ஐந்து கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தம். அக்கா அதைப் பலமுறை படித்தாள். பொங்கல் கழிந்து அதே ஆள் நாற்பது படங்கள் அனுப்பினார். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு மாசியில் வேறொருவரும் வந்தார். இந்த ஒரு வருடமாக வாடகையும் அரிசியும் அவள் வேலையில்தான் வருகின்றன. சில மாதம் இழுபறிதான். அதையும் சொல்ல வேண்டும்.

பேக்கிங் பிரிவுக்கு நான் போனேன். என்னிடம் அவள் தைரியம் இல்லை. நான்கு மாதத்தில் நின்றேன். இப்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கோடு போடப் பழகுகிறேன். கால் இன்னும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஆனாலும் புது வேலை வந்தால் முதல் கடிதம் நான்தான் எழுதுகிறேன்: மேலிருந்து பார்த்த படம் உங்கள் ஊரில் மேலேயா, கீழேயா?

உங்கள் தெருவிலும் கம்பெனி பஸ் ஏறாமல் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி இருப்பாள். அவள் தங்கைக்கும் பதில் தெரியாமல் இருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் படித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.