எஞ்சினை நிறுத்தாதவர்

கார்த்திகை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, நெடுந்தீவு இறங்குதுறையில் அவரைக் கண்டேன். மெலிந்த மனிதர்; இடுப்பில் கட்டியிருந்த சாரமெல்லாம் ஒயில் கறை. உப்புக்காற்று தின்னாமல் தன் பழைய லாண்ட் ரோவரின் அடிப்பாகத்துக்கு ஓயாமல் கழிவு ஒயில் பூசுவார் என்று ஊரில் சொன்னார்கள். அன்று தீவு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஏற்றிவந்து, யாழ்ப்பாணம் அனுப்பப் படகில் கிடத்தினார். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. கடலும் சரியில்லை.

படகு போன பிறகும் லாண்ட் ரோவரின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிப்பாட்டுங்கோவன் அண்ணை. டீசல் கிடையாத நேரம்."

"ஸ்ராட்டர் செத்துப்போச்சு. நிப்பாட்டினால் தள்ளித்தான் எழுப்ப வேணும். இந்தத் தீவில ஒரு சரிவும் இல்லை, தள்ள நீர் ஒராள்தான் நிக்கிறீர்."

"படகுதான் போயிட்டுதே."

"முந்தி ஒருக்கா அப்பிடி நினைச்சு நிப்பாட்டினனான். படகு பாதியில திரும்பி வந்தது. இது எழும்பேல்லை."

அந்த முறை படகில் இருந்தவர் என்னவானார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் படகின் முகப்பு எங்கள் பக்கம் திரும்பியது. தீவு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்ய வைத்தியர் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் வண்டியின் பின்கதவைத் திறந்து, பாயை உதறி விரித்தார்.