இன்னொரு துவக்கு

எசன் நகரில் நான் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி ஒரு வேட்டைக்காரர். மான் சுட ஒரு துவக்கு வைத்திருந்தார். காட்டுப்பன்றிக்கென்று பெரிய குண்டு போடும் இன்னொன்றும் வாங்கலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருப்பார். துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஒருநாள் அவர் வற்புறுத்தியதால் காட்டுக்குப் போனேன். ஒரே வெடியில் ஓர் ஆண்மான் விழுந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பச்சைக் கொப்பொன்றை முறித்து அதன் வாயில் வைத்தார்.

"கடைசிச் சாப்பாடு. சுட்டவன்தான் குடுக்கவேணும்."

ஊரில் வீதியோரம் சுடப்பட்டுக் கிடந்த என் அண்ணனுக்கு வாய்க்கரிசி போட, சுட்டவர்கள் எங்களையே விடவில்லை.

திரும்பும் வழியில், பெரியது வாங்கலாமா என்று மறுபடியும் கேட்டார்.

"எந்தத் துவக்கெண்டாலும் வாங்குங்கோ," என்றேன். "அந்தக் கொப்பை மட்டும் மறந்திடாதேங்கோ."