இரண்டு மடங்கு என்று சொன்னது நான்தான்

போன செவ்வாய்க்கிழமை பல்லாரோ சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன். சுதன் அண்ணை வந்து தோளைத் தொட்டார். லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா என்று அவர் அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மா வீட்டில் வேலை செய்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வேலையிலிருந்து விலகும் கடிதம்!

"நாளைக்குக் குடுக்கப்போறன் தம்பி. இனி மால்ட்டாவிலை பிளாக்ஜாக் சீட்டுப் போட்டிதான். நீர் சொன்ன கணக்கு எனக்குக் காணும்."

தக்காளிப் பையைக் கீழே வைத்தேன்.

நான் சொன்ன கணக்கு எது? முந்தைய ஞாயிறு எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம் - 'சீட்டாட்டத்தில் வெல்வது அதிர்ஷ்டமா, திறமையா?' திருவுளச்சீட்டில் எனக்கு விழுந்தது திறமை. எந்தப் பக்கம் விழுந்தாலும் வெல்பவன் என்ற பெருமை எனக்குண்டு. அன்றும் முழங்கினேன்.

நாற்பது பேர், ஆளுக்கு இருநூற்றைம்பது யூரோ கட்டுகிறார்கள். நடத்துபவர் ஆயிரத்தை எடுத்துக்கொள்ள, மிச்சம் ஒன்பதாயிரமும் வென்ற ஒருவருக்கே. சாதாரண ஆட்டக்காரருக்கு நாற்பதில் ஒரு வாய்ப்பு. சராசரியில் அவருக்கு நட்டம். கெட்டிக்காரருக்கோ வாய்ப்பு இரண்டு மடங்கு, அதாவது இருபதில் ஒன்று. ஆகவே சராசரியில் அவர் பங்கு நானூற்றைம்பது. கட்டியதைக் கழித்தால், போட்டிக்கு இருநூறு யூரோ லாபம்!

அரங்கம் கைதட்டியது. சுதன் அண்ணை தட்டவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தார்...

அந்த 'இரண்டு மடங்கு' எங்கிருந்து வந்தது? எவரும் அளந்து சொன்னதல்ல. வசனம் கம்பீரமாக விழுவதற்காக நானே வைத்தது. ஒன்றரை மடங்கு என்று வைத்தால் லாபம் எண்பத்தேழரை யூரோவாகச் சுருங்கும். கப்பலுக்கும் அறைக்கும் கொடுத்தால் அதுவும் நட்டமாகும். இரண்டு மடங்கே உண்மையானாலும், இருபது தடவையில் பத்தொன்பது தடவை வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அடுத்த மாதம் அவர் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். மனைவியும் மகளும் இந்த நாட்டில் இருப்பது அந்த ஒரு தாளை நம்பித்தான்.

சந்தை இரைச்சலுக்கு நடுவே அனைத்தையும் சொன்னேன். அந்த எண் என் கற்பனை என்றும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"ஞாயிறு அந்தப் பக்கம் கதைச்சனீர். இண்டைக்கு இந்தப் பக்கம் கதைக்கிறீர். ரெண்டும் நல்லாத்தான் கிடக்கு."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பொய்யையும் மெய்யையும் ஒரே குரலில் பேசப் பழகியவன், உயிர் போகும் அவசரத்தில் எந்தக் குரலை எடுப்பான்?

"சரி, ஒண்டு செய்வம்," என்றார் அவர். "முதல் போட்டிக்கு அரைவாசிக் காசை நீர் போடும். லாபத்திலையும் அரைவாசி உமக்கு."

பணப்பை என் கையில்தான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. மேடையில் ஒரு நொடியும் தயங்காத நாக்கு, அசையவே இல்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"உம்மடை காசெண்டால் போடமாட்டீர், என்ன?"

போடமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யோசிப்பதாகச் சொல்லிப் போனார். கிழிக்கவில்லை. இன்னும் கொடுக்கவும் இல்லை என்கிறார் அவர் மனைவி. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவர் பெயரா என்று பார்க்கிறேன்.

நான் வாய் திறக்காமல் வென்ற வாதம் அது ஒன்றுதான் - வென்றிருந்தால்.