காலி இரைச்சலில் ஒரு குரல்

விமானிகளின் காதைப் பரிசோதிப்பது என்றால், ஒரு மனிதரை ஊரிலேயே அமைதியான அறையில் உட்காரவைத்து, அவர் காதில் இரைச்சலைக் கொட்டுவது. நாள் முழுக்க “கேக்குதா, கேக்குதா” என்று கேட்டே பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். செல்போன் கடைக்காரர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், கல்யாணமானவர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

எங்கள் பரிசோதனைக்கூடம் அபிராமபுரத்தில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது. விமானி அறையின் இரைச்சலும் அதற்கு நடுவே ஒரு குரலும் ஹெட்போனில் வரும். தரையிலிருந்து ரேடியோவில் பேசுவதுபோல, இத்தனை அடிக்கு இறங்கு, இந்தப் பக்கம் திரும்பு என்று அந்தக் குரல் கட்டளை சொல்லும். வானத்தில் செய்வதுபோலவே விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டிக் அடிப்பேன். நடப்பதெல்லாம் ஆங்கிலத்தில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

மூச்சு

முப்பதாயிரம் அடி உயரத்தில் இடி மின்னலுக்குக் கலங்காதவர்கள், எங்கள் அறைக் கதவைச் சாத்தியதும் வெலவெலத்துப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். சுவர் முழுக்க பஞ்சும் நுரையும். கீழே பல் டாக்டரின் மெஷின் சத்தம்கூட எட்டாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம் காதில் கேட்க ஆரம்பிக்கும். அடையாறிலிருந்து வந்த ஒரு பெண் விமானியிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன். நாலாவது நிமிஷம் கண்ணாடியைத் தட்டினார். வெளியே வந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

“ரத்தம் ஓடற சத்தம் கேட்டுச்சு மேடம், அது பரவாயில்ல. கூடவே ஒரு மூச்சு கேட்டுச்சு. நான் என் மூச்சை நிறுத்திப் பாத்தேன், அது நிக்கல.”

சொல்லாததைத் திருப்பிச் சொன்னவர்

இருபது கட்டளைகளுக்கு நடுவே மூன்று இடத்தில் வெறும் இரைச்சலை மட்டும் விட்டிருப்போம். அந்த இடத்தில் “ஒன்றும் வரவில்லை” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்களையும் என்னையும்போல சாதாரண ஆட்கள் சொல்லிவிடுவார்கள். விமானிகளுக்குத்தான் அது கஷ்டம். ரேடியோ கரகரத்தால் யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்றே பழகிய ஆட்கள். அடுத்து என்ன கட்டளை வரும் என்று அவர்கள் மனசு முன்னாலேயே தயாராக இருக்கும். படிவத்தில் இந்தக் காலி இரைச்சலுக்குக் கட்டமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. எங்கள் சொந்தக் குறிப்புக்காகத்தான் வைத்திருக்கிறோம்.

சைதாப்பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். இளம் வயது, பாம்புக் காது. இருபதையும் சரியாகச் சொன்னார், கூடவே ஒரு காலி இடத்துக்கும் கணீரென்று பதில் சொன்னார். அங்கே யாரும் பேசவில்லை என்றேன். நம்பவில்லை. அச்சடித்த பட்டியலைக் காட்டினேன், அதையும் நம்பவில்லை. சரி, வாயால் சொன்னால் ஆகாது என்று ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டினேன். வெறும் இரைச்சல் பத்து வினாடி ஓடி நின்றது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

“இன்னா மேடம் நீங்க, இப்பகூட சொன்னாரே, லெஃப்ட்ல திரும்புன்னு.”

லீவு போடாதவர்

ஹெட்போனில் கட்டளை சொல்லும் அந்தக் குரல் வரதராஜன் என்பவருடையது. விமானங்களுக்குத் தரையிலிருந்து வழிசொல்லும் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே வீடு. எங்கள் ஒலிப்பதிவாளர் ரஹ்மான் பாய்தான் அவரைத் தேடிப் பிடித்தார். மூன்று மத்தியானம், ஃபிளாஸ்கில் காபியோடு வந்து, பட்டியலை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நாலாம் மாதம் மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

தினமும் காலையில் ஒலி அளவைச் சரிபார்க்க ரஹ்மான் பாய் அந்தப் பதிவைத்தான் ஓடவிடுவார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வரதராஜன் யாரையோ இடது பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் போன புதிதில், பதிவு ஓடி முடிகிறவரை வாசலிலேயே நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன். வேறு குரல் வைத்துக்கொள்ளலாம் என்று நச்சரித்து, என் குரலிலேயே இரண்டாவது பட்டியல் ஒன்றைப் பதிவும் செய்தோம். அப்புறம் அதை யாரும் எடுக்கவில்லை. வரதராஜன் அளவுக்கு எனக்கு அதிகாரம் வரவில்லை என்பது பாயின் அபிப்பிராயம். அதைச் சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பதிவைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

“மவுத்தாயி ரெண்டு வருசம் ஆவுது மேடம். ஒரு நாளாச்சும் லீவு போட்டாரா பாருங்க.”

இருபதுக்கு இருபது

கேப்டன் சேஷாத்ரி வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. பீப் பீப் என்று ஓசையை மட்டும் வைத்துச் செய்கிற முதல் பரிசோதனையில் அவர் காது தோற்றுவிட்டது. அப்படித் தோற்றவர்களுக்கு எங்கள் பரிசோதனைதான் கடைசிக் கதவு. இரைச்சலில் பேச்சு புரிகிறது என்று நான் எழுதிக் கொடுத்தால் திரும்பப் பறக்கலாம். இல்லையென்றால் அன்றோடு சரி. உள்ளே போகுமுன் கைக்குட்டையை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்கே பாவமாக இருந்தது.

இருபதுக்கு இருபது சொன்னார். அந்தக் காதை வைத்துக்கொண்டு அது நடக்கவே முடியாது. கையிலிருந்த முதல் பரிசோதனைத் தாளை எடுத்து, பெயர் சரிதானா என்று பார்த்தேன். அதைவிட, காலி இடம் மூன்றிலும் பதில் சொன்னார். மூன்றிலும் ஒரே பதில்: ஓடுபாதை தயார், இறங்கலாம். எங்கள் பட்டியலில் அந்த வாக்கியமே கிடையாது. வெளியே வந்தவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது:

“இந்தக் குரல் நன்னாப் பழக்கம்மா. இருபது வருஷம் என்னை இறக்கிவிட்டவர். மூஞ்சியப் பாத்ததில்லை, பேரும் தெரியாது. சௌக்கியமா இருக்காரா?”

இரண்டாவது பட்டியல்

இன்னொன்று பாக்கி இருக்கிறது சார் என்று மறுபடி உள்ளே அனுப்பி, என் குரல் பட்டியலைப் போட்டேன். அதே இரைச்சல், அதே அளவு. இருபதுக்கு ஒன்பதுதான் வந்தது, தேற அது போதாது. ஒவ்வொன்றுக்கும் நெற்றியைச் சுருக்கினார், தடுமாறினார். காலி இடங்களில் மட்டும் தடுமாறவே இல்லை. மூன்று தடவையும் உடனே, தெளிவாக: ஓடுபாதை தயார், இறங்கலாம். ரஹ்மான் பாய் எழுந்துபோய் வயர்களையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குப் பயமாக இருந்தது, அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

படிவத்தில் மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு கட்டம். எந்தப் பட்டியல், யார் குரல் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இருபது என்று எழுதிவிடத்தான் எனக்கு ஆசை. ஒன்றரை வருஷம், அதற்குப் பிறகு அவரே போய்விடுவார் என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. ஆனால் பேனாவை எடுத்தபோது, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுத முடியவில்லை. வரதராஜன் என்று பெயரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், போய் இரண்டு வருஷமாகிறது என்றும் சொன்னேன். கேப்டன் வீடு அதே குளத்துக்கு வடக்கே. இரண்டு பேரும் எத்தனை நாள் ஒரே கடையில் வரிசையில் நின்றிருப்பார்களோ தெரியாது.

மதிப்பெண் இரண்டையும் காட்டினேன். காலி இடங்களில் அவர் சொன்னதையும் காட்டினேன். வெறும் இரைச்சலை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பாய் போட்டார். குரல் வந்தால் துள்ள வேண்டிய ஒலிமானி முள் அசையாமல் கிடந்தது. கேப்டன் முள்ளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் உதடு ஏதோ சொல்லி முடித்தது. அப்புறம் படிவத்தை என் பக்கமாகத் தள்ளினார்:

“ரெண்டாவதையே எழுதிடும்மா. அவர் போயிட்டார்னு இப்போ எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் இறங்குன்னா நான் இறங்கிடுவேன்.”

மறுநாளிலிருந்து அந்த அறையில் பேசுவது என் குரல்தான். என் காலத்துக்குப் பிறகு நான் யாரை எங்கே இறங்கச் சொல்லப்போகிறேனோ, அது மட்டும் தெரியவில்லை.