தவிட்டுக்கு வாங்கிய மகள்

எங்கள் மகளைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று என் கணவரின் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். குறும்பு செய்கிற பிள்ளையைப் பார்த்து எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதான் அது. எங்கள் வீட்டில் கேலி இல்லை, நிஜமாகவே நடந்தது. ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கினோம். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு எரிகிறது.

கல்யாணமான வருஷமே சிலோனுக்குப் போன நாங்கள் எழுபதுகளின் நடுவில் அங்கிருந்து கிளம்பினோம். மலைநாட்டில் ஒரு சின்ன டவுனில் என் கணவர் துணிக்கடையில் வேலை பார்த்தார். சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நெய்த சேலைகளை வரவழைத்து விற்கிற கடை. வெளியிலிருந்து துணி கொண்டுவரக் கட்டுப்பாடு வந்ததும் அலமாரிகள் காலியாயின, கடையை மூடிவிட்டார்கள். அதே சமயம் அங்கே பஞ்சம். ரொட்டி வாங்க விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று, அதுவும் கிடைக்காமல் டவுனுக்கு இறங்கி வந்து வாசல் வாசலாக நின்றார்கள்.

அப்படி எங்கள் வாசலுக்கு வந்தவள்தான் இவளைப் பெற்றவள். தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் முன்பே செத்துப் போயிருந்தான். அவள் பிச்சை கேட்கவில்லை, வேலை கேட்டாள். நான்கு மாதம் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், பாத்திரம் தேய்த்தாள். நான் போடுகிற சோற்றை அப்படியே பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, "நான் லயத்துல போய்ச் சாப்பிட்டுக்குறேம்மா" என்பாள். லயம் என்றால் தோட்டக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அங்கே சாப்பிட எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்புவது வசதியாக இருந்தது, நம்பினேன்.

பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "புள்ளைய நீங்களே வச்சுக்குங்கம்மா. எம் பேர மட்டும் மறக்க விட்டுராதீங்க."

சரி என்றேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லாதவள் நான். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

முறையாகக் கோர்ட்டில் எழுதி, முத்திரை வைத்துத் தத்து எடுத்தோம். விஷயத்தை ஊருக்கு எழுதினோம். கணவரின் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. தன் சின்ன மகனைத் தத்தெடுத்துக்கொண்டால் காடு தோட்டம் வெளியே போகாது, அதைச் சொல்லியும் கேட்காமல் இப்படிச் செய்தது சரியில்லை, இருந்தாலும் செய்தது செய்தாகிவிட்டது, வாருங்கள் என்று எழுதியிருந்தார். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைப் படித்தபோதே எனக்குச் சுருக்கென்றது.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். பெட்டிகளை எல்லாம் கலைத்துப் போட்டுச் சோதனை செய்த பிறகு, ஓர் அதிகாரி தத்துப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் குனிந்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது.

"பாப்பா, உன்னைப் பெத்த அம்மா பேரு என்ன?"

அவள் கணீரென்று சொன்னாள். அவர் பத்திரத்தில் பார்த்தார், தலையசைத்தார், முத்திரை குத்தினார். என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கி அவள் கையில் ஒன்று கொடுத்தார்.

ரயில் கிளம்பிப் பாம்பன் பாலம் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"இங்க பாரு சாமி. இனிமே ஆராச்சும் உங்கம்மா பேரு என்னன்னு கேட்டா, இவ பேரத்தான் சொல்லோணும்."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "அந்த ஐயாகிட்ட எங்கம்மா பேரத்தானே சொன்னேன்? சரின்னாரே."

"அது அங்க. இது இங்க. எங்க சொல்லு பாக்கலாம்."

சொன்னால் ஒரு பிஸ்கட். பழைய பெயரைச் சொன்னால் பொட்டலத்தை மூடி மடியில் வைத்துக்கொள்வார். பஞ்சத்திலிருந்து வந்த குழந்தை. ஒரு பிஸ்கட்டுக்கு எதைத்தான் சொல்லாது? நாய்க்குட்டியைப் பழக்குவது போல அந்த மனிதர் பழக்கிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. கப்பலில் அவளைத் தோளை விட்டு இறக்கவே இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது.

"ஏனுங்க, செத்தவளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கறனுங்க" என்றேன்.

"வாக்குக் குடுத்தது நீ. ஊருக்குள்ள பதில் சொல்லப் போறது நானு. பெத்தவ பேரச் சொன்னா அடுத்தது என்ன கூட்டம்னு கேப்பாங்க. கூட்டம் இல்லீன்னா என்ன சாதீம்பாங்க. புள்ளைய அடுப்படிக்குள்ள உட மாட்டாங்க. அப்ப என்ன பண்ணுவே?"

எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம். ஒரு ஆளைப் பார்த்ததும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்பார்கள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அந்த உண்மையைத் தூக்கி ரயில் ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது. வாய்ச் சண்டை மானாமதுரை வரைக்கும் நடந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

திருச்சி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நாமக்கல் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு பூக்காரம்மா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "உங்கம்மா எங்க கண்ணு?" என்று கேட்டாள்.

"எங்கம்மா செத்துப் போச்சு" என்றாள் இவள். கூடவே பெயரையும் சொன்னாள்.

பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு இரண்டு நாள் பயணக் களைப்பு, தலைவலி, பக்கத்தில் புருஷனின் முறைப்பு. "அப்படிச் சொல்லக் கூடாதுன்னு சொன்னோமில்ல?" என்று அதட்டிவிட்டேன். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். என் வாயிலிருந்து வந்தது அவருடைய வார்த்தை. அதற்குப் பிறகு அவரிடம் சண்டை போட எனக்கு யோக்கியதை இல்லாமல் போயிற்று.

பஸ்ஸில் முசிறி தாண்டியதும் பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சு. வெளி ஆள் வாயில் பதினோரு வருஷம் கழித்துக் கேட்கிறேன், காதுக்கு இதமாகத்தான் இருந்தது, அவர் கேட்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

"பாப்பா ஆராட்ட இருக்குதுங்க? அப்பனாட்டவும் இல்ல, ஆத்தாளாட்டவும் இல்ல. நீங்க என்ன கூட்டமுங்க?"

என் கணவர் தன் கூட்டத்தைச் சொன்னார். யாரும் கேட்காமலே பிள்ளை என் பெயரை அம்மா பெயராக ஒப்பித்துவிட்டு, அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "நல்லாப் பேசுதுங்க பாப்பா" என்றார். என் கணவர் பிஸ்கட் எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

நாமக்கல்லில் வேறு பஸ் மாறி ராசிபுரத்தில் இறங்கினோம். கணவரின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை, திட்டவும் இல்லை. நாமகிரிப்பேட்டைப் பாதையில் வண்டி போகும்போது எல்லாம் ஏற்கனவே முடிவானது போலச் சொன்னார்.

"அம்மிணி, ஊட்டுக்குள்ள கூட்டீட்டுப் போறதுக்கு முன்னால ஒரு சாங்கியம் இருக்குது. நம்ம காட்டுல வேலை செய்யற பொம்பளை மடியில புள்ளைய உக்கார வெச்சு, ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்கிக்கோணும். பழசெல்லாம் அத்தோட போயிரும். நாளைக்கு எவனும் ஒண்ணும் கேக்க முடியாது."

அந்தச் சாங்கியம் எனக்குத் தெரியாததில்லை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கிற சிசுவை அப்படிக் கொடுத்து வாங்குவார்கள், சாவு அதைக் கண்டுகொள்ளாது என்ற நம்பிக்கையில். உயிரைக் காப்பாற்றச் செய்கிற காரியம் அது. கடல் தாண்டி வந்த ஆறு வயதுப் பெண்ணைக் கழுவிச் சுத்தம் செய்வதற்கு அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"புள்ளைய என்ன சந்தைக்கா ஓட்டிக்கிட்டுப் போறோம்?" என்றேன். அவர் மாட்டைத் தட்டி ஓட்டினார். என் கணவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் காயப்போடுகிற களத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். காட்டில் வேலை செய்கிற அந்தப் பெண் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அறிந்தவள். எனக்குப் பிள்ளை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசற்படி தாண்டி ஒரு நாளும் அவளை உள்ளே விட்டதில்லை. அவள் கையால் பிள்ளை வாங்கினால் மட்டும் தீட்டுப் போய்விடுமாம். இந்தக் கணக்கை எந்த மடையன் போட்டானோ தெரியவில்லை.

பிள்ளையை அவள் மடியில் உட்கார வைத்தார்கள். கணவரின் அண்ணி முறத்தை என் கையில் கொடுத்தார். நான் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பெத்தவ பேரத் தெரிஞ்சுக்காம நான் எப்பிடிங்க ஆத்தா குடுக்கறது? என்ற மடியில இருக்கறப்ப நாந்தான கேக்கோணும்" என்றாள். பிறகு பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "சொல்லு சாமி, உன்னையப் பெத்தவ பேரு என்ன?" என்று கேட்டாள்.

ராமேஸ்வரத்திலிருந்து அதுவரைக்கும் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

பிள்ளை என் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சரியா என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு பெயர், என் நாக்கு நுனியில் இருந்தது. நான் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினேன். அந்தப் பெண் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மட்டில் அண்ணன் சொன்னது பலித்தது. அவளை அடுப்படிக்குள் விட்டார்கள், பந்தியில் உட்கார வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். எனக்கு எல்லார் மேலும் கோபம் இருந்தது. கணவரோடு, அவர் அண்ணனோடு, ஊரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவள் என்று பெயரெடுத்தேன். அத்தனை கத்தியவள், கத்த வேண்டிய இடத்தில் தலையாட்டியவள்.

பத்து வருஷம் போயிற்று. எண்பதுகளின் நடுவில் அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உன்னிடம் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். நான் சொல்வதற்கு முன்னால் அவளே அந்தப் பெயரைச் சொன்னாள்.

"நான் மறக்கவே இல்லீங்கம்மா" என்றாள். "நீங்கதான் மறந்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."